கடைய விட்டுட்டு அஞ்சு நாள் ஊருக்கு போறது எப்படி: சத்துவாச்சாரி தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்க கேள்வி சுருக்கமா இதான். சத்துவாச்சாரில எலக்ட்ரிக்கல், பிளம்பிங் சாமான் கடை, வேலைக்கு ரெண்டு பசங்க, கடை தொறந்ததுல இருந்து ஞாயித்துக்கிழமை மதியானம் தவிர லீவுன்னு ஒண்ணு எடுத்ததில்ல, புள்ளைங்கள எங்கயாவது இட்டுனு போலாம்னு வீட்ல கேட்டுனே இருக்காங்க, ஆனா அஞ்சு நாள் கடைய விட்டா கஸ்டமர் வேற கடைக்கு போயிடுவான், பசங்கள நம்பி கல்லாவ விட்டுட்டும் போக முடியாது, என்ன பண்றது. நான் வேலூர் சுத்து வட்டாரத்துல சின்ன கடைங்களுக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி கட்டி குடுக்கற வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன். பதில் நீளமா போகும், நேரமில்லன்னா தேதி பத்தியும் கடன் நோட்டு பத்தியும் சொல்ற எடத்த மட்டுமாவது படிங்க.

மொதல்ல ஒரு விஷயம். நீங்க எழுதினத பாத்தா, லீவுங்கறது வீட்ல கேக்கறாங்களேன்னு கடைக்கு நஷ்டம் பண்ணி குடுக்கற ஒண்ணு மாதிரி தெரியுது. நான் கடைக்காகவே போயிட்டு வாங்கன்னு சொல்றேன். நீங்க இல்லாம கடை நாலு நாள் நிக்குமா நிக்காதான்னு என்னிக்காவது ஒரு நாள் தெரியத்தான் போவுது. டெங்கு வரலாம், பைக்ல இருந்து விழலாம், அம்மாவுக்கு ஆபரேஷன்னு சிஎம்சி ஆஸ்பத்திரில பத்து நாள் உக்கார வேண்டி வரலாம், அதெல்லாம் நம்மள கேட்டுட்டு வராது. அப்படி ஓனர் திடீர்னு படுத்துட்ட கடைங்களோட கணக்கு என்கிட்ட வந்திருக்கு. வீட்டுக்காரம்மா ஒரு கட்டப்பை நெறைய பில்லும் ரெண்டு நோட்டும் தூக்கினு வந்து நிப்பாங்க. நோட்டுல மேஸ்திரி 4,200 னு எழுதியிருக்கும், எந்த மேஸ்திரின்னு யாருக்கும் தெரியாது, சப்ளையருக்கு எந்த தேதி போட்டு செக் குடுத்திருக்காருன்னு தெரியாது, போன் லாக் கூட தெரியாது, எல்லாமே அந்த மனுஷன் தலைக்குள்ள இருக்கும், அவரோ ஐசியூல இருப்பாரு. அத பாத்தவங்களுக்கு தான் தெரியும் அது எவ்ளோ கஷ்டம்னு. நீங்க நல்லா இருக்கும்போதே ஒரு தேதி குறிச்சு அஞ்சு நாள் தள்ளி நின்னு பாத்தீங்கன்னா கடைல எதெல்லாம் உங்க தலைக்குள்ள மட்டும் இருக்குன்னு வெளிய வந்துடும். அந்த ஒத்திகைக்காகவே போகணும்.

இப்ப நஷ்டத்துக்கு வர்றேன். லீவு எடுத்தா எவ்ளோ போகும்னு கேட்டா நெறைய பேரு ஒரு நாள் வியாபாரத்த அஞ்சால பெருக்கி சொல்றாங்க, அது தப்பு கணக்கு. உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 12,000 வியாபாரம், சராசரியா 15 பர்சென்ட் மார்ஜின்னு வைங்க, ஒரு நாள் பூட்டினா போறது 1,800, அஞ்சு நாளைக்கு 9,000. வாடகை, சம்பளம், கரன்ட்டு எல்லாம் நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் போற காசு. அந்த 9,000லயும் ஒரு பங்கு திரும்பி வந்துடும், ஏன்னா புது வீட்டுக்கு ஒயரிங் பண்றவன் லிஸ்ட்ட வச்சினு ரெண்டு நாள் காத்திருந்து உங்ககிட்டயே வாங்குவான், குழாய் ஒடஞ்சு தண்ணி கொட்டறவன் தான் எதிர் கடைக்கு ஓடுவான், அவன் வாங்கப் போறது ஒரு எல்போவும் ஒரு டெஃப்லான் டேப்பும். கடைய தொறந்து வச்சிட்டு போனீங்கன்னா நஷ்டம் இன்னும் கம்மி. தினம் 100 ரூபா எடுத்து வச்சா வருஷத்துக்கு 36,500 ஆகுது, கடைல விட்டதையும் ஊருக்கு போன செலவுல பெரும்பகுதியையும் அதுலயே பாத்துடலாம். பேங்க்ல மாசாமாசம் கட்டற ஆர்டி ஒரு வருஷத்துக்கு போட்டு வைங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி அஞ்சு வருஷத்துக்கு, இதுக்கு ஒத்து வராது.

கஸ்டமர் போயிடுவான்னு பயப்படறீங்களே, உங்க கஸ்டமர் யாருன்னு ஒரு நாள் பில் புக்க எடுத்து பாருங்க. ரோட்ல போறவன் வாங்கறத விட எலக்ட்ரீஷியன், பிளம்பர், கொத்தனார், சின்ன கான்ட்ராக்டர் இவங்க வாங்கறது தான் பெருசா இருக்கும். அவங்க உங்ககிட்ட வர்றதுக்கு காரணம் நீங்க கணக்கு வச்சிக்கறீங்க, மிச்ச சாமான திரும்ப எடுத்துக்கறீங்க, ராத்திரி போன் பண்ணாலும் எடுக்கறீங்க. அஞ்சு நாள்ல அந்த கணக்கு அறுந்து போவாது. அவங்களுக்கு மட்டும் நீங்களே போன் பண்ணி இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும் நான் ஊர்ல இல்ல, வேலைக்கு வேண்டியது இருந்தா முன்னாடியே எடுத்துக்கோங்கன்னு சொல்லிடுங்க, அதுலயே அந்த வாரம் வியாபாரம் கொஞ்சம் ஏறும். போர்டுல எழுதி மாட்டறத விட நேர்ல சொல்றது தான் அவங்களுக்கு மரியாதை.

அடுத்தது தேதி. இதுல தான் முக்கால்வாசி வேலை இருக்கு, இதுல தான் எல்லாரும் தடுமாறாங்க, ஏன்னா பள்ளிக்கூட லீவ பாத்து தேதி குறிக்கறாங்க, கடையோட காலண்டர பாக்கறதில்ல. உங்க தொழிலுக்கு மாசி பங்குனில ஆரம்பிச்சு கத்திரி முடியற வரைக்கும் ஃபேன், கூலர், ஸ்டெபிலைசர், போர்வெல் மோட்டார்னு ஓடும், வேலூர் வெயில பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. முழுப்பரிட்ச லீவு அப்ப தான் வருதுன்னு வீட்ல கேப்பாங்க, அப்பவும் வேணாம். அந்த வெயில் சீசன் தான் உங்களுக்கு வருஷத்தோட சம்பாத்தியம். ஆடி, புரட்டாசி, மார்கழி மூணும் புது வீடு புகற மாசம் இல்லன்றதால ஃபிட்டிங் வேலை கொறையும். அதுல மார்கழி கடைசில பொங்கலுக்கு வீட்ட சுத்தம் பண்றவங்க, பெயின்ட் அடிக்கறவங்க வருவாங்க, நீங்க பெயின்டும் வச்சிருந்தா அது விடக்கூடாத நேரம். புரட்டாசி தான் உங்களுக்கு பொருத்தம். செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் மொத வாரம் வரைக்கும் காலாண்டு பரிட்ச லீவு வருது, ஆயுத பூஜையும் அந்த பக்கத்துல தான் வரும் (சில வருஷம் தள்ளிப் போவும், காலண்டர் பாத்துக்கோங்க). பூஜைய முடிச்சு பசங்களுக்கு பொரி, சுண்டல், துணி, காசெல்லாம் குடுத்து சந்தோஷமா இருக்கற நேரத்துல கெளம்பறது நல்லா தான் இருக்கும். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும், வடகிழக்கு மழையும் பெருசா புடிச்சிருக்காது.

வேற தொழில்ல இருக்கறவங்களுக்கு இந்த கணக்கே வேற. சிஎம்சி சுத்தி காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜ், மெஸ், மெடிக்கல் வச்சிருக்கறவங்களுக்கு சீசன்னே ஒண்ணு கெடையாது, கல்கத்தா, அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம்னு வருஷம் பூரா பேஷண்ட் வந்துனே இருப்பாங்க, அவங்க கடைய மூட முடியாது, ஓனரும் இன்னொரு ஆளும் மாத்தி மாத்தி தான் போவணும். பெங்காலி ஜனங்க துர்கா பூஜைக்கு சொந்த ஊர்ல இருக்கணும்னு நெனைப்பாங்க, அதனால அந்த வாரத்த பாத்துக்கலாம். விஐடி எதிர்ல ஜெராக்ஸ், ஜூஸ், பிஜி நடத்தறவங்களுக்கு செமஸ்டர் லீவு தான் லீவு, டிசம்பர்லயும் மே கடைசிலயும் பசங்க ஊருக்கு போனப்பறம் காட்பாடி ரோட்டுல ஈ ஓட்டறதுக்கு பதிலா பூட்டிட்டு கெளம்பிடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் சம்பந்தப்பட்ட தொழில் பண்றவங்களுக்கு பக்ரீத் முடிஞ்ச ஒடனே தோல் வந்து குமியும், அப்ப நகர முடியாது. குடியாத்தத்துல கடை வச்சிருக்கறவங்க வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு ஊர விட்டு போவ மாட்டாங்க, போவவும் கூடாது, வெளியூர்ல இருக்கறவனே அன்னிக்கு ஊருக்கு வருவான். துணிக்கடை, தையல்காரங்க முகூர்த்த மாசத்தையும் தீபாவளியையும் விட்டுட்டு மிச்சத்துல பாக்கணும். மே 5 வணிகர் தினம், அன்னிக்கு எப்படியும் நெறைய கடை மூடியிருக்கும், உங்களுக்கு இருக்கற மாதிரி வெயில் சீசன் இல்லாத கடைக்காரங்க அதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு நாள சேத்துக்கிட்டா கஸ்டமருக்கு பெருசா தெரியாது. எந்த தொழிலா இருந்தாலும் போன ரெண்டு வருஷத்து பில்லையோ ஜிஎஸ்டி ரிட்டனையோ எடுத்து மாசாமாசம் வியாபாரம் எவ்ளோன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, எந்த மாசம் கம்மின்னு கண்ணுக்கு தெரிஞ்சிடும், நம்ம மனசு சொல்றதும் பேப்பர் சொல்றதும் பல நேரம் ஒத்துப் போவாது.

கடைய மூடிட்டு போறதா, தொறந்து வச்சிட்டு போறதா? ரெண்டுமே சரி தான். மூடறதுன்னா சுத்தமா மூடுங்க. தொறக்கறதுன்னா பசங்க கையில முடிவெடுக்கற அதிகாரத்த குடுத்துட்டு தொறங்க. கடை தொறந்திருக்கும், ஆனா எதுக்கெடுத்தாலும் அண்ணனுக்கு போன் போட்டு கேட்டுட்டு தான் குடுப்பேன்னு இருக்கறது தான் இருக்கறதுலயே மோசம், கஸ்டமருக்கும் கோவம், பசங்களுக்கும் அவமானம், உங்களுக்கு ஊட்டில நின்னாலும் சத்துவாச்சாரில நிக்கற மாதிரி. உங்களுக்கு ரெண்டு பசங்க இருக்கறதால தொறந்து வச்சிட்டு போங்கன்னு தான் சொல்வேன், நேரத்த மட்டும் கொறச்சுக்கோங்க, காலைல 9 மணிக்கு தொறந்து ராத்திரி 7 மணிக்கு சாத்திடட்டும்.

அதுக்கு தயார் பண்ண ஒரு வழி சொல்றேன், இத பெரும்பாலும் யாரும் யோசிக்கறதில்ல. நீங்க லீவுல போறதுக்கு முன்னாடி உங்க சீனியர் பையன லீவுல அனுப்புங்க, ஒரு நாலு நாள், சம்பளத்தோட. சட்டப்படியே பாத்தாலும் 1947ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செஞ்ச ஆளுக்கு அடுத்த வருஷத்துல 12 நாள் சம்பளத்தோட லீவு உண்டு, சிக் லீவு, கேசுவல் லீவெல்லாம் தனி. சின்ன கடைங்கள்ல இத யாரும் குடுக்கறதுமில்ல, கேக்கறதுமில்ல. அவன் போன அந்த நாலு நாள்ல நீங்க ஒண்ணு கண்டுபுடிப்பீங்க, கடைல பாதி விஷயம் உங்க தலைல இருக்குன்னு நெனச்சினு இருந்தீங்களே, அதுல பாதி அவன் தலைல இருக்கு, எந்த டப்பால எந்த சைஸ் ரெட்யூசர்னு அவனுக்கு தான் தெரியும், எந்த பிளம்பர் எந்த வேலைக்கு சாமான் எடுத்தான்னு அவனுக்கு தான் ஞாபகம் இருக்கும். அந்த நாலு நாளும் தட்டுப்பட்டதெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க, அவன் வந்தப்பறம் அவன ஒக்கார வச்சு பதில் எழுத சொல்லுங்க. அதே நோட்டு தான் அப்பறம் உங்க லீவுக்கும் ஒதவப் போவுது. இன்னொண்ணும் இருக்கு, நீங்க அவனுக்கு லீவு குடுத்திருந்தா தான் உங்க லீவுல அவன் மனசார கடைய பாத்துப்பான்.

நோட்டுல இருக்க வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. சப்ளையர் நம்பர், எந்த சாமான் யாருகிட்ட, சென்னை பாரிமுனைல இருந்து வர்ற பார்சல் எந்த லாரி ஷெட்டுல எறங்கும், வேகமா ஓடற சாமானோட வெலை, எதுல எவ்ளோ வரைக்கும் கொறைக்கலாம், ஷட்டர் பூட்டு மக்கர் பண்ணா யார கூப்பிடறது, கேமரா பாஸ்வேர்டு, மெயின் எங்க இருக்கு, சாயந்தரம் வெளக்கேத்தற நேரம் உட்பட. ஒரு தொகைய முடிவு பண்ணி குடுங்க, 500 ரூபாக்குள்ள எந்த பிரச்சனை வந்தாலும் பையனே முடிச்சிடலாம், சாமான் மாத்தி குடுக்கறதா இருந்தாலும் சரி, காசு திருப்பி தர்றதா இருந்தாலும் சரி, அத பத்தி திரும்பி வந்து ஒரு வார்த்த கேக்க மாட்டேன்னு சொல்லுங்க, சொன்ன மாதிரியே கேக்காதீங்க. உங்க கடைல வர்ற போன்ல பாதி இந்த மாதிரி நூறு எரநூறு ரூபா விஷயம் தான்.

கடன் நோட்டு தான் நெஜமான ஆபத்து. நீங்க இல்லாத நாள்ல கல்லால இருந்து காசு போவும்னு பயப்படறீங்க, என் அனுபவத்துல காசு போறது அப்படி இல்ல, அண்ணன் எனக்கு எப்பவும் குடுப்பாரே, நீ இன்னாடா கேள்வி கேக்கறன்னு ஒரு ஆளு வந்து பையன மெரட்டி 8,000 ரூபா ஒயர் காயில தூக்கினு போறதுல தான் போவுது. அதனால அந்த அஞ்சு நாளும் புது கடன் கெடையாது, பழைய ஆளுங்கள்ல இந்த எட்டு பேருக்கு மட்டும், ஒவ்வொருத்தருக்கும் இவ்ளோ வரைக்கும்னு பேரோட தொகையோட ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு கல்லா மேல ஒட்டிடுங்க. பையன் பேப்பர காட்டி அண்ணன் எழுதி வச்சிட்டு போயிருக்காருன்னு சொல்லிட்டா அவன் மேல யாரும் கோவப்பட முடியாது. இப்ப நோட்டுல மேஸ்திரி, பெயின்டர்னு இருக்கறதையெல்லாம் முழுப்பேரு, போன் நம்பர், எந்த எடத்து வேலைன்னு இந்த சாக்குல ஒழுங்கா எழுதிடுங்க. கெளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வசூலுக்கு ஒரு சுத்து போங்க, ஊருக்கு போறேன்னு சொன்னா குடுக்காதவனும் கொஞ்சம் குடுப்பான்.

கல்லாவுக்கு வர்றேன். யுபிஐ வந்ததுக்கப்பறம் கடைல கைல பொழங்கற காசு ரொம்ப கம்மியாயிடுச்சு, சவுண்ட் பாக்ஸ் கத்தறது உங்க அக்கவுன்ட்டுக்கு தான் போவுது, உங்க போன்லயே பாத்துக்கலாம். மிச்ச ரொக்கத்துக்கு காலைல சில்லறையா ஒரு தொகைல ஆரம்பிக்கட்டும், ராத்திரி பில் மொத்தம், யுபிஐ மொத்தம், ரொக்கம் மூணையும் எழுதி ஒரு போட்டோ அனுப்பட்டும், காச ரெண்டு பேரும் சேந்து எண்ணி ஒரு கவர்ல போட்டு ஒட்டி உங்க மச்சான் மாதிரி ஒரு வீட்டு ஆளுகிட்ட குடுக்கட்டும். கெளம்பற அன்னிக்கு காப்பர் ஒயர் காயில், மோட்டார், எம்சிபி மாதிரி வெலை ஜாஸ்தியான சாமான் மட்டும் பசங்க முன்னாடியே எண்ணி எழுதி மூணு பேரும் கையெழுத்து போடுங்க. சந்தேகப்படறோம்னு நெனைப்பாங்களோன்னு தயங்காதீங்க, நாளைக்கு ஏதாவது கொறஞ்சா எங்க மேல பழி வராதுன்னு பசங்களுக்கே அது நிம்மதி. கேமராவ மட்டும் போன்ல பாத்துனே இருக்காதீங்க, அது லீவே இல்ல.

கட்ட வேண்டியது எல்லாத்தையும் தேதியோட எழுதிக்கோங்க, இது என் தொழில், அதனால கொஞ்சம் அழுத்தி சொல்றேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரிட்டன் போடற திட்டத்துல இருந்தீங்கன்னா செப்டம்பரோட முடியற காலாண்டுக்கு ஜிஎஸ்டிஆர் 1 (வித்த கணக்கு) அக்டோபர் 13, 3பி (வரி கட்டற ரிட்டன்) நம்ம தமிழ்நாட்டுக்கு அக்டோபர் 22, காம்போசிஷன்ல (மொத்த வியாபாரத்துல ஒரு சின்ன பர்சென்ட்ட வரியா கட்டற திட்டம்) இருக்கறவங்களுக்கு சிஎம்பி 08ங்கற ஃபார்ம் அக்டோபர் 18. அதனால அக்டோபர் மொத வாரத்துல போயிட்டு வர்றது எதுலயும் இடிக்காது. மாசாமாசம் போடறவங்களுக்கு ஜிஎஸ்டிஆர் 1 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. லேட்டானா ஒரு நாளைக்கு 50 ரூபா, வட்டி தனி. முக்கியமா ஓடிபி உங்க போனுக்கு தான் வரும், மலை மேல சிக்னல் இல்லாத எடத்துல நீங்க இருந்தா நான் இங்க ஆபீஸ்ல ஒக்காந்து ஒண்ணும் பண்ண முடியாது, உங்க கணக்கு பாக்கறவர்கிட்ட தேதிய சொல்லிட்டு கெளம்புங்க. சப்ளையருக்கு குடுத்த செக், வண்டி இஎம்ஐ, நகை லோன் வட்டி, ஈபி பில்லு இதெல்லாம் அந்த வாரத்துல எது விழுதுன்னு பாத்து அக்கவுன்ட்ல காசு வச்சிட்டு போங்க, ஊர்ல இருக்கும்போது ஒரு செக் பவுன்ஸ் ஆச்சுன்னா போன ஊரும் போச்சு பேரும் போச்சு. கடைய மூடிட்டு போறவங்க இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்து தொடர்ந்து எத்தனை நாள் ஆளில்லாம பூட்டியிருக்கலாம்னு போட்டிருக்கறத படிச்சுக்கோங்க, பக்கத்து ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்த சொல்லிட்டு போங்க.

ஒரு சிலர் ஊருக்கு போன லாட்ஜ் பில்ல கடை ஜிஎஸ்டி நம்பர்ல போட்டு எடுத்துனு வருவாங்க. குடும்பத்தோட போன டூர் செலவு தொழில் செலவுல வராது, அந்த பில்லுக்கு இன்புட்டும் (கட்டின ஜிஎஸ்டிய கடை வரில கழிச்சுக்கறது) எடுக்க முடியாது. சொந்த செலவு சொந்த செலவாவே இருக்கட்டும்.

எங்க போறது? உங்க முடிவு தான், ஆனா ஒண்ணு சொல்வேன். ரெண்டு மணி நேரத்துல திரும்பி வர்ற தூரத்துக்கு போகாதீங்க. ஏலகிரி அழகான ஊரு, 14 கொண்டை ஊசி வளைவு ஏறினா குளுகுளுன்னு இருக்கும், ஜவ்வாது மலையும் நல்லா தான் இருக்கும், அங்கெல்லாம் ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க. அஞ்சு நாள் லீவுக்கு அது ஆவாது, கடைல இருந்து ஒரு போன் வந்தா மத்தியானமே கெளம்பி வந்துடுவீங்க, வீட்ல மூஞ்சி தொங்கிடும். புரட்டாசில திருப்பதியும் வேணாம், நமக்கு பக்கம்னாலும் அந்த மாசம் கூட்டத்துலயே ரெண்டு நாள் போயிடும். காட்பாடி ஜங்ஷன் நம்ம கையில இருக்கு, அத பயன்படுத்துங்க, கேரளா பக்கம் போற வண்டி நெறைய நிக்குது. ஊட்டின்னா நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்தரை பதினொண்ணு வாக்குல காட்பாடிக்கு வரும், கடைய சாத்திட்டு வீட்டுக்கு போய் சாப்ட்டு ஏறினா காலைல மேட்டுப்பாளையம், கெளம்பற நாள் வியாபாரம் கூட போவாது. மலை ரயில்ல போலாம்னு புள்ளைங்க ஆசப்படும், மழை புடிச்சா மண் சரிஞ்சு அத ரத்து பண்ணிடுவாங்க, அதனால பஸ்ல போற யோசனையும் வச்சிக்கோங்க. சொந்த கார்ல போறீங்கன்னா நீலகிரிக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வாங்கணும். டிக்கெட்ட 60 நாள் முன்னாடி தான் போட முடியும், முன்ன 120 நாளா இருந்தத 2024 நவம்பர்ல இருந்து கொறச்சிட்டாங்க, அக்டோபர் 2 கெளம்பணும்னா ஆகஸ்ட் 3 காலைல 8 மணிக்கு ஒக்காருங்க. டிக்கெட்ட போட்டு காச கட்டிட்டா தான் நம்மாளுங்க கெளம்புவோம், அடுத்த மாசம் பாக்கலாம்னு விட்டா அது நடக்காது.

போன் விஷயத்துல ஒரு நேரம் வைங்க. கடைய சாத்தினப்பறம் ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவ, கால் மணி நேரம், அவ்ளோ தான். பகல்ல தீ, திருட்டு, ஷாக், ஆளுக்கு ஒடம்பு சரியில்ல இதுக்கு மட்டும் கூப்பிடட்டும். கஸ்டமர் நம்பருக்கு வாட்ஸ்அப் பிசினஸ்ல நான் இன்ன தேதி வரைக்கும் ஊர்ல இல்ல, கடை தொறந்திருக்கு, இந்த நம்பருக்கு பேசுங்கன்னு தானா பதில் போற மாதிரி வைக்கலாம். மொத ரெண்டு நாள் கை பரபரன்னு தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படி தான்.

ஆள் யாருமே இல்லாம புருஷன் பொண்டாட்டி மட்டும் நடத்தற டிபன் கடை, டெய்லர், மொபைல் சர்வீஸ் இவங்களுக்கு மூடறது ஒண்ணு தான் வழி. பத்து நாள் முன்னாடியே போர்டு மாட்டிடுங்க, மூடற தேதிய விட தொறக்கற தேதிய பெருசா எழுதுங்க, சொன்ன தேதில சொன்ன நேரத்துக்கு தொறங்க, ஒரு நாள் தள்ளினா கூட அடுத்த தடவ போர்ட யாரும் நம்ப மாட்டாங்க. பால், மாவு, காய் ஆர்டர நிறுத்துங்க, சிலிண்டர மூடுங்க, ஃப்ரிட்ஜ காலி பண்ணுங்க. டெய்லருங்க அந்த வாரத்துக்கு துணியே வாங்கக்கூடாது, வாங்கின துணிய தச்சு குடுத்துட்டு தான் கெளம்பணும்.

உங்களுக்கு அஞ்சு நாள் ஒரேயடியா பெருசா தெரிஞ்சா அதுக்கு முன்னாடி ஒரு திங்கக்கெழம முழுசா கடைக்கு போகாம இருந்து பாருங்க, அப்பறம் ஒரு ரெண்டு நாள். வீட்ல இருந்துனே தான், ஆனா கடை பக்கம் தல காட்டக்கூடாது, அந்த வழியா போறேன்னு எட்டி பாக்கறதும் சேத்தி தான்.

திரும்பி வந்த அன்னிக்கு நேரா கல்லாவ தொறந்து எண்ண ஆரம்பிக்காதீங்க. பசங்களுக்கு வாங்கினு வந்தத குடுங்க, டீ சொல்லுங்க, என்ன நடந்துச்சுன்னு அவங்கள பேச விடுங்க, எதுல மாட்டினாங்க, எந்த சாமான் தீந்து போச்சு, யாரு வந்து சத்தம் போட்டாங்கன்னு எல்லாத்தையும் நோட்டுல ஏத்துங்க. ஏதாவது தப்பு நடந்திருந்தா கஸ்டமர் முன்னாடி வேணாம், சாயந்தரம் தனியா பேசிக்கலாம். பொறுப்பா பாத்துக்கிட்டதுக்கு சம்பளத்தோட சேக்காம தனியா கையில ஒரு தொக குடுங்க. அப்பால அந்த வாரத்துக்குள்ளயே சின்னவனுக்கு எப்ப லீவுன்னு ஒரு தேதிய குறிச்சு அவன்கிட்ட சொல்லிடுங்க, அவனுக்கும் ஊரு இருக்கு, அம்மா அப்பா இருக்காங்க.